பாம்பு ரேக்கில் சூடு சரியாக நிற்கவில்லையா? குளிர் ஊர் வீடுகளுக்கான பிழை நீக்கும் வழிமுறை

மலேசியாவின் தாழ்வான ஊர்களான தெலுக் இந்தானிலோ சுங்கை சிப்புட்டிலோ பாம்பு வளர்ப்பவர்களுக்கு ரேக்கைச் சூடாக்குவது பெரிய வேலை இல்லை. அங்கே நடுராத்திரியிலும் வீட்டுக்குள் குளிர் தெரியாது. கேமரன் மலையில் அப்படி முடியாது. இங்குள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. விடியற்காலையில் 15, 16 டிகிரி வரை இறங்குவது சாதாரணம். ரிங்லெட் அதைவிடத் தாழ்வுதான், ஆனாலும் தேயிலைத் தோட்டத்துப் பழைய வீடுகளின் பலகைச் சுவரும் தகரக் கூரையும் குளிரை அப்படியே உள்ளே விட்டுவிடும். கீழே உள்ள நண்பர் நன்றாக ஓட்டும் ரேக்கை அளவு மாறாமல் இங்கே செய்து வைத்தால் அது வேறு மாதிரி நடந்துகொள்ளும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மனதில் வைத்திருக்கும் ரேக் இதுதான்: பிளைவுட் அல்லது மெலமைன் பலகையில் ஐந்து தட்டு, ஒவ்வொன்றிலும் இழுத்து எடுக்கும் பிளாஸ்டிக் டப்பா, டப்பாவின் பின்பக்க மூன்றில் ஒரு பங்குக்கு அடியில் ஹீட் டேப் (கரண்டில் சூடாகும் தட்டைப் பட்டை), எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தெர்மோஸ்டாட் (சென்சார் வைத்துச் சூட்டைப் பார்த்து, வைத்த எண்ணில் கரண்டை நிறுத்தும் கருவி). உள்ளே இருப்பது பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பு வகை. அதற்குச் சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 டிகிரி, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரி வேண்டும். கார்ன் ஸ்னேக் (corn snake) என்ற வகை என்றால் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று டிகிரி குறைவாக இருக்கலாம். எல்லா எண்ணும் செல்சியஸ்.

எதையும் கழற்றுவதற்கு முன்

ரேக்கில் கோளாறு என்று நினைக்கும் பாதிக் கோளாறு அளக்கும் இடத்தில்தான் இருக்கிறது. எங்கே வைத்து அளக்கிறீர்கள் என்று தெரியாமல் அந்த எண்ணை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. மூன்று இடம் உண்டு: ஹீட் டேப்பின் மேல்பரப்பு, டப்பாவுக்குள் பாம்பு படுக்கும் தரை, டப்பாவுக்குள் இருக்கும் காற்று. மூன்றும் மூன்று எண். டேப் 36 காட்டும்போது தரை 32, காற்று 22 என்று இருப்பது இங்கே சகஜம்.

கருவியையும் நம்புவதற்கு முன் சோதியுங்கள். ஒரு கிளாஸில் உடைத்த ஐஸைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, சென்சார் முனையை ஐஸுக்கு நடுவே சில நிமிடம் வையுங்கள். பூஜ்யம் காட்ட வேண்டும். கொதிக்கும் தண்ணீரில் 100 பார்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள்: இந்த உயரத்தில் தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும், நல்ல கருவியையும் கெட்டது என்று நினைத்துவிடுவீர்கள். இன்னொரு வழி எனக்கு அதிகம் பிடித்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் டிஜிட்டல் காய்ச்சல் தெர்மாமீட்டரையும் சென்சாரையும் சேர்த்துப் பிடித்து, 36, 37 டிகிரியில் ஒப்பிடுங்கள். நமக்குத் தேவையான சூட்டுக்குப் பக்கத்திலேயே சோதித்த மாதிரி ஆகும். வித்தியாசம் இருந்தால் பரவலாக விற்கும் எஸ்டிசி-1000 வகைத் தெர்மோஸ்டாட்டில் எஃப்4 அமைப்பில் திருத்திக்கொள்ளலாம்.

டப்பாவில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் நல்லது, ஆனால் டப்பாவின் வெளியே நின்று அடித்தால் பிளாஸ்டிக்கின் வெளிப்புறச் சூட்டைத்தான் சொல்லும். டப்பாவை இழுத்து, படுக்கைப் பொருளை விலக்கி, தரையில் அடியுங்கள். ஒட்டுவதற்குப் போட்ட பளபளக்கும் அலுமினிய டேப்பின் மேல் அடித்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும்; அந்த இடத்தில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டி, அதன் மேல் அடியுங்கள்.

“தரை சுடுது, ஆனா டப்பாவுக்குள்ள குளிருது”

நம் பக்கத்தில் அதிகம் வரும் புகார் இதுதான். ஆபத்தான தவறு நடப்பதும் இங்கேதான்.

ஹீட் டேப்பின் வேலை தரையைச் சூடாக்குவது. காற்றைச் சூடாக்க அது செய்யப்படவில்லை. கீழே உள்ள ஊர்களில் காற்று ஏற்கெனவே 26, 27 டிகிரியில் இருப்பதால் இந்தக் குறை தெரிவதில்லை. இங்கே அறை 16 டிகிரிக்கு இறங்கும்போது, டப்பாவின் முன்பக்கம் அறையோடு சேர்ந்து இறங்கிவிடும். பின்பக்கத் தரை மட்டும் 32-இல் நிற்கும். பாம்பு அந்த ஒரு கையளவு இடத்திலேயே சுருண்டு கிடக்கும்.

இதைப் பார்த்ததும் பலரும் தெர்மோஸ்டாட்டை 38, 40 என்று ஏற்றிவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். காற்று ஒன்றிரண்டு டிகிரிதான் ஏறும், தரையோ பாம்பின் வயிற்றைச் சுடும் அளவுக்குப் போகும். மேலே குளிர், கீழே சூடு என்ற நிலையில் பாம்பு எழுந்து போகாது. குளிருக்குப் பயந்து அந்தச் சூட்டின் மேலேயே கிடந்து வெந்துபோகும். வயிற்றுச் செதில் சிவந்து, பிறகு கொப்புளமாகும். தரையை 35 டிகிரிக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். அதிக வாட் உள்ள டேப் வாங்கினாலும் பயன் இல்லை: தெர்மோஸ்டாட் 33-இல் நிறுத்தும் என்றால் 20 வாட்டும் 40 வாட்டும் அதே 33-இல்தான் நிற்கும்.

செய்ய வேண்டியது சூட்டைக் கூட்டுவதில் இல்லை, போகும் சூட்டைத் தடுப்பதில் இருக்கிறது. கீழ்க்கண்ட வரிசையில் போங்கள். பல ரேக்குகள் முதல் இரண்டிலேயே சரியாகிவிடும்.

முதலில் ரேக்கை வெளிச்சுவரிலிருந்தும் ஜன்னலிலிருந்தும் நகர்த்தி உள்சுவர் ஓரமாக வையுங்கள். சிமெண்டுத் தரையில் நேராக வைக்காமல் ஒரு பலகை மேல் ஏற்றுங்கள்.

அடுத்து ரேக்கின் வெளிப்பக்கமாக முதுகு, இரண்டு விலா, உச்சி ஆகியவற்றுக்கு பாலிஸ்டிரின் பலகை ஒட்டுங்கள். கேமரனில் இதற்குக் காசு செலவழிக்கக்கூட வேண்டாம். காய்கறியும் பழமும் அனுப்புகிறவர்களிடம் ஓரம் உடைந்த பாலிஸ்டிரின் பெட்டி சும்மாவே கிடைக்கும். இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் கனம் போதும். ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பாலிஸ்டிரின் ஹீட் டேப்பைத் தொடக் கூடாது, வயர் இணைப்பை மூடக் கூடாது. நடுவே பலகை இருக்க வேண்டும்.

மூன்றாவது, முன்பக்கத்துக்கு ஒரு கதவு அல்லது கனமான திரை. ராத்திரி மூடி, காலையில் திறக்கலாம். முழுக்க அடைத்துவிடாமல் கீழே ஒரு விரல் இடைவெளி விடுங்கள்.

இதற்குப் பிறகும் டப்பாவின் குளிர்ந்த பக்கம் 24-க்குக் கீழே போனால், அறையைத்தான் சூடாக்க வேண்டும். எண்ணெய் நிரப்பிய ரேடியேட்டர் ஹீட்டர் ஒன்றைத் தனித் தெர்மோஸ்டாட்டில் 25-க்கு வைத்து, சின்ன அறைக்குள் கதவை மூடி ஓட்டுவது பாதுகாப்பான வழி. மின்கட்டணம் கூடும். கட்ட முடியாது என்றால் இந்த ஊருக்கு பால் பைத்தானைவிட கார்ன் ஸ்னேக் பொருத்தம்; ராத்திரியில் 20 டிகிரி வரை அது தாங்கும். மூடிய அறையில் கரி அடுப்பையோ கேஸ் அடுப்பையோ ஒருபோதும் வைக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு பாம்பை மட்டும் கொல்லாது.

“ஒரு தட்டு மட்டும் சூடே ஏறல”

இது இணைப்புக் கோளாறு. டேப்பின் இரண்டு ஓரத்திலும் ஓடும் செம்புப் பட்டையில் கிளிப் சரியாகக் கடிக்கவில்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். டப்பாவை இழுத்துத் தள்ளும்போது வயர் இழுபட்டுக் கழன்றிருக்கலாம்.

ஒவ்வொரு கிளிப்பாகப் பிரிப்பதற்கு முன் ஒரு மல்டிமீட்டர் எடுங்கள். பிளக்கைக் கழற்றி, தெர்மோஸ்டாட்டிலிருந்தும் வயரைப் பிரித்துவிட்டு, ரேக்குக்குப் போகும் இரண்டு வயருக்கு நடுவே ஓம் அளவு பாருங்கள். நாம் வாயில் 240 என்று சொன்னாலும் கணக்குக்கு 230 வோல்ட் வைத்துக்கொள்ளலாம். 20 வாட் டேப் ஒன்றுக்கு ஏறக்குறைய 2,650 ஓம் வரும். ஐந்தும் இணையாக ஓடினால் 530 ஓம் சுற்றி இருக்க வேண்டும். 660 காட்டினால் ஒரு டேப் இணைப்பில் இல்லை. 880 என்றால் இரண்டு இல்லை. எதுவும் காட்டவில்லை என்றால் பொது வயரே அறுந்திருக்கிறது. உங்கள் டேப்பின் வாட் வேறு என்றால் 230-ஐ 230-ஆல் பெருக்கி, வாட்டால் வகுத்துக்கொள்ளுங்கள். புதிதாகச் செய்த அன்றே இந்த எண்ணை அளந்து ரேக்கின் முதுகில் எழுதி வைத்துவிட்டால் பின்னால் கோளாறு தேடுவது பாதி வேலைதான்.

எந்தத் தட்டு என்று தெரிந்ததும் பழைய கிளிப்பை அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். அந்த நுனியை வெட்டிவிட்டு, புதிய கிளிப்பைப் புதிய இடத்தில் கடிக்க விட்டு, இன்சுலேட்டரால் இரண்டு பக்கமும் மூடுங்கள். வெட்டிய மறுமுனையின் செம்பும் வெளியே தெரியக் கூடாது. வயரைத் தட்டோடு ஒரு கிளாம்ப் போட்டு நிறுத்தினால் மறுபடி இழுபடாது.

“எல்லாத் தட்டும் லேசா வெதுவெதுன்னுதான் இருக்கு”

முதல் நாளிலிருந்தே இப்படி என்றால் டேப்புகள் தொடராக, ஒன்றின் வழியாகவே அடுத்ததற்குக் கரண்ட் போகும்படி இணைக்கப்பட்டிருக்கும். இரண்டு டேப் தொடரில் இருந்தால் ஒவ்வொன்றுக்கும் பாதி வோல்ட்தான் போகும், சூடு நான்கில் ஒரு பங்காகிவிடும். 20 வாட் டேப் 5 வாட்தான் தரும். ஒவ்வொரு டேப்பின் ஒரு ஓரத்துக்கு லைவ், மறு ஓரத்துக்கு நியூட்ரல் என்று எல்லாம் இணையாகப் போக வேண்டும். வயர் வேலை தெரியாதவர்கள் பதிவுபெற்ற வயர்மேனிடம் காட்டிவிடுங்கள். ரேக் இரும்புச் சட்டத்தில் செய்தது என்றால் எர்த் கொடுக்க வேண்டும், அதற்கு வயர்மேன் கட்டாயம் வேண்டும்.

“மேல் டப்பா கொதிக்குது, கீழ் டப்பா சில்லுன்னு இருக்கு”

சூடு மேலே ஏறும், தெர்மோஸ்டாட் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்க்கிறது. சென்சார் கீழ்த் தட்டில் இருந்தால், கீழே 33 வரும்வரை மேலே 36, 37 ஓடிக்கொண்டிருக்கும். எப்போதும் அதிகம் சூடாகும் தட்டில் சென்சாரை வையுங்கள். குளிர்ந்த தட்டால் பாம்புக்குச் சிரமம் வரும், சரிசெய்ய அவகாசம் இருக்கும். சுட்ட புண்ணுக்கு அவகாசம் இல்லை.

மேலுக்கும் கீழுக்கும் வித்தியாசம் இரண்டு டிகிரிக்குள் என்றால் கவலை வேண்டாம். வளர்ந்த பாம்பைக் கீழே வையுங்கள், குட்டியை மேலே வையுங்கள். அதற்கு மேல் என்றால் மேல் இரண்டு தட்டுக்கு ஒரு தெர்மோஸ்டாட், கீழ் மூன்றுக்கு ஒன்று என்று பிரிப்பதுதான் நேர்மையான தீர்வு.

டப்பாவின் அடி டேப்பைத் தொடுகிறதா என்றும் பாருங்கள். தட்டில் டேப் பதியும் அளவுக்கு ஆழமில்லாத பள்ளம் வெட்டி, டேப் தட்டோடு சமமாகக் கிடந்தால் எல்லா டப்பாவும் ஒரே மாதிரி சூடு வாங்கும். வளைந்த அடியுள்ள டப்பா ஒன்று நடுவில் கலந்திருந்தால் அந்தத் தட்டு எப்போதும் ஏமாற்றும்.

“எண் ஏறி இறங்கிக்கிட்டே இருக்கு”

இரண்டு டிகிரி ஊசலாட்டத்தால் பாம்புக்கு ஒன்றும் ஆகாது. ஐந்து, ஆறு என்றால் தெர்மோஸ்டாட்டின் வித்தியாச அளவைப் பாருங்கள்: எத்தனை டிகிரி இறங்கியதும் மறுபடி சூடாக்கத் தொடங்க வேண்டும் என்ற எண் அது. எஸ்டிசி-1000-இல் அது எஃப்2. 0.5-இல் வையுங்கள். அதற்குப் பிறகும் ஆடினால் சென்சார் டேப்போடு ஒட்டாமல் விலகி நிற்கிறது. சென்சார் முனை டேப்புக்கும் டப்பாவின் அடிக்கும் நடுவே, டேப்பின் மேல் படுத்திருக்க வேண்டும். டப்பாவுக்குள் வைக்காதீர்கள்: பாம்பு தள்ளிவிடும், தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து நனையும், அப்போது தெர்மோஸ்டாட் குளிர் என்று நினைத்து டேப்பை நிறுத்தாமல் ஓட்டும். வீட்டு ரேக்குகளில் பாம்பு சாவதற்கு என் பார்வையில் இதுவே பெரிய காரணம். அலுமினிய டேப்பால் ஒட்டி, அதற்குப் பின்னால் வயரையும் ஒரு கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள்.

விளக்குக்குப் போடும் டிம்மரைத் தெர்மோஸ்டாட்டுக்குப் பதிலாக வைப்பவர்களும் உண்டு. டிம்மர் சூட்டைப் பார்க்காது. ராத்திரி குளிருக்குச் சரியாகத் திருகி வைத்தது, பகலில் அறை 24 டிகிரி ஆகும்போது தரையை 40-க்குக் கொண்டுபோய்விடும்.

கருகிய வாசனை, டேப்பில் பழுப்புத் தடம்

உடனே பிளக்கைப் பிடுங்குங்கள். பாம்புகளை எடுத்து வேறு டப்பாவில் வைத்துவிட்டு அப்புறம் தேடுங்கள்.

டேப்பில் அச்சடித்திருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்கியதில் 110 அல்லது 120 என்று இருந்தால் அதை இங்கே பயன்படுத்தவே முடியாது. இரட்டை வோல்ட்டில் சூடு நான்கு மடங்கு. 20 வாட் டேப் ஏறக்குறைய 80 வாட் ஆகிவிடும். தெர்மோஸ்டாட் இருக்கிறதே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். அது திறந்து மூடுவதற்குள் டேப் தாண்டிப் போய்விடும்.

வோல்ட் சரி என்றால் தடம் எங்கே என்று பாருங்கள். கிளிப் பக்கத்தில் என்றால் தளர்ந்த இணைப்பு. நடுவில் கோடாக என்றால் டேப் மடிந்திருக்கிறது அல்லது ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கிறது. தடம் விழுந்த டேப்பை ஒட்டுப்போட்டு ஓட்டக் கூடாது, தூக்கிப் போடுங்கள்.

டேப்பில் தடம் இல்லை, ஆனால் எல்லாத் தட்டும் கொதிக்கிறது என்றால் தெர்மோஸ்டாட்டின் ரிலே (கரண்டை விட்டு நிறுத்தும் சுவிட்ச்) உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கலாம். திரையில் விளக்கு அணைந்த பிறகும் டேப்புக்குக் கரண்ட் போனால் அதுதான். இந்த ஒரு காரணத்துக்காகவே இரண்டாவது தெர்மோஸ்டாட் ஒன்றை முதலாவதோடு தொடராக வைக்கச் சொல்கிறேன். முதலாவது டேப்பில் 35-க்கு நிறுத்தட்டும், இரண்டாவது 39-க்கு. முதலாவது செத்தாலும் இரண்டாவது பிடிக்கும். இரண்டுக்கும் தனித்தனிச் சென்சார், தனித்தனி இடம்.

மழை ராத்திரியில் மெயின் ட்ரிப் ஆகிறது

ரேக் பிளக்கைக் கழற்றியதும் நின்றுவிடுகிறதா? அப்படியென்றால் எங்கோ ஈரம் கசிகிறது. டப்பாவின் வெடிப்பில் வழிந்த சிறுநீர் கிளிப்பில் பட்டிருக்கும். பின்பக்கத் தட்டைத் துடைத்துப் பாருங்கள். தெர்மோஸ்டாட் பெட்டியையும் திறந்து பாருங்கள். சூடான பெட்டிக்குள் எறும்பும் பல்லியும் குடி வருவது நம் நாட்டில் சர்வசாதாரணம், ரிலேயில் பல்லி சிக்கினால் அதுவும் போய் தெர்மோஸ்டாட்டும் போகும். வயர் நுழையும் ஓட்டைகளை அடையுங்கள். பல வீடுகளில் மொத்தத்துக்கும் இருக்கும் ட்ரிப் சுவிட்ச் 100 மில்லிஆம்பியர் அளவு. ரேக்குக்கு மட்டும் 30 மில்லிஆம்பியர் ஒன்று தனியாக வைக்கச் சொல்லி வயர்மேனிடம் கேளுங்கள்.

டப்பா ஓரத்தில் நீர் முத்து முத்தாக நிற்கிறது

சூடான தரையிலிருந்து எழும் ஈரம் குளிர்ந்த பிளாஸ்டிக்கில் படிகிறது. மலைக்காற்றே ஈரமானது என்பதால் இங்கே இது அதிகம். தண்ணீர்க் கிண்ணத்தைக் குளிர்ந்த பக்கத்துக்கு மாற்றுங்கள், டப்பாவின் பக்கவாட்டில் மேல்பகுதியில் சில துளை கூடப் போடுங்கள், நனைந்த படுக்கையை அன்றே மாற்றுங்கள். பால் பைத்தானுக்கு 55 முதல் 70 சதவீத ஈரப்பதம் நல்லது; ஈரமும் குளிரும் சேர்ந்தால் வயிற்றுச் செதில் அழுகலும் நெஞ்சுச் சளியும் வரும்.

படுக்கைப் பொருளை ஐந்து, ஆறு சென்டிமீட்டர் போட்டு நிரப்பாதீர்கள். மேலே கை வைத்தால் குளிராக இருக்கும், அடியில் சூடு அடைபட்டு நிற்கும், பாம்பு துளைத்து அங்கே போகும். ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் போதும்.

பாம்பு காட்டும் அறிகுறி

கருவி எல்லாம் சரி என்று சொன்னாலும் பாம்பைப் பாருங்கள். எந்நேரமும் பின்பக்கமே கிடந்தால் முன்பக்கம் குளிர். எந்நேரமும் முன்பக்கமே நெருக்கிக்கொண்டு, அடிக்கடி தண்ணீர்க் கிண்ணத்தில் கிடந்தால் பின்பக்கம் அதிகச் சூடு. எலியை விழுங்கி இரண்டு நாளில் கக்கினால், முதல் சந்தேகம் ராத்திரிச் சூடு போதவில்லை என்பதுதான். விடியற்காலையில் எழுந்து ஒருமுறை அளந்து பாருங்கள், மத்தியான எண் உதவாது. வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கில் நுரை, விசில் சத்தம், வயிற்றில் சிவப்பு: இவை ரேக்கைத் திருத்திக் காத்திருக்கும் விஷயம் இல்லை, ஊர்வனவற்றைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் போகும் விஷயம்.

இடையில் ஒன்று. கீழே செம்பனைத் தோட்டத்தில் பிடிபட்ட நம் நாட்டு மலைப்பாம்பை ரேக்கில் போட்டு வளர்க்க ஆசைப்படுகிறவர்கள் கேட்பதுண்டு. 2010-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது பாதுகாக்கப்பட்ட உயிரினம், வனவிலங்குத் துறையான ‘பெர்ஹிலித்தான்’ தரும் உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. பால் பைத்தானும், உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. விற்பவரிடம் தாளைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

கரண்ட் போனால்

மரம் விழுந்து கம்பி அறுந்தால் மலைப்பாதையில் ஆள் வந்து சரிசெய்ய நேரம் பிடிக்கும். ரேக்கின் முன்கதவை மூடி, மேலே கம்பளி போர்த்துங்கள். பாலிஸ்டிரின் ஒட்டிய ரேக் சில மணி நேரம் சூட்டைப் பிடித்து வைக்கும். நீண்டால் பிளாஸ்டிக் போத்தலில் வெந்நீர் ஊற்றி, துண்டில் சுற்றி, டப்பாவுக்கு வெளியே தட்டின் ஓரத்தில் வையுங்கள். நேராக டப்பாவுக்குள் வேண்டாம். அந்த நேரத்தில் தீனி போடாதீர்கள், குளிரில் செரிக்காது. ஏற்கெனவே சாப்பிட்ட பாம்பு இருந்தால் முதல் போத்தல் அந்தத் தட்டுக்கு.

கரண்ட் திரும்பியதும் தெர்மோஸ்டாட் பழைய எண்ணிலேயே நிற்கிறதா, சென்சார் இடம் மாறவில்லையா என்று பாருங்கள். ஒரு மணி நேரம் கழித்து எல்லாத் தட்டின் தரையையும் ஒருமுறை அளந்துவிட்டு அப்புறம் படுக்கப் போங்கள்.